பெட்டி நின்றால் எத்தனை மணியில் எழும்?

தை முகூர்த்தங்கள் முடிந்து இரண்டு நாள் இருக்கும். ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து காலை ஏழு மணிக்குப் போன். "சார், சர்வர் ராத்திரியெல்லாம் கீ கீன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. ஒரு டிஸ்க் போச்சுன்னு திரையில வந்துச்சு. தம்பி புது டிஸ்க் மாத்திட்டான். இப்ப ஒரு போல்டரும் தெரியல சார்."

போய்ப் பார்த்தேன். நாலு டிஸ்க் போட்டு உள்ளூரிலேயே அசெம்பிள் செய்த பெட்டி, நாலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5 முறை. 'டிஸ்க் 2' பழுது என்கிறது திரை. தம்பி மேலிருந்து இரண்டாவதைக் கழற்றியிருக்கிறார். அந்த மென்பொருளோ 0, 1, 2, 3 என்று எண்ணுகிறது. அதன் 2, நம் கணக்கில் மூன்றாவது. செத்த டிஸ்க் உள்ளே இருக்கிறது, உயிரோடிருந்தது மேசைமேல் கிடக்கிறது. ஒரு டிஸ்க் போனால் ரெய்டு 5 தாங்கும், இரண்டு போனால் தாங்காது.

கழற்றியதைப் பழைய இடத்திலேயே செருகி, எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் எழுப்பி, 11 டிபியையும் வேறு டிஸ்க்குகளுக்கு நகலெடுத்தோம். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆல்பம் கேட்டு வந்த பெண்ணின் அப்பா முதல் நாள் மத்தியானம் முழுக்கக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாம் திரும்பக் கிடைத்தது. அன்று இரவு ஸ்டூடியோக்காரர் கேட்டார்: "எந்தக் கம்பெனி பெட்டி வாங்கியிருந்தா இப்படி ஆகியிருக்காது?"

திருச்சியில் தில்லை நகர் ஆடிட்டர் ஆபீஸ் முதல் துவாக்குடி பட்டறை வரை எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். பெட்டி நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் மீண்டும் வேலை ஓட வேண்டும்? கடைசியாகச் செய்த வேலையில் எத்தனை மணி நேரத்து உழைப்பு போனால் பொறுத்துக்கொள்ள முடியும்? இந்த இரண்டு எண்ணையும் முதலாளியே சொல்ல வேண்டும். விற்பவர் சொல்லக் கூடாது. எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பெட்டிகளை ஒப்பிடுவது பாதி முடிந்த மாதிரி.

வேகம்: முதலில் கேபிளைப் பாருங்கள்

விளம்பரத் தாளில் பெட்டியின் வேகம் விநாடிக்கு 500, 1000 எம்பி என்று போட்டிருக்கும். உங்கள் ஸ்விட்ச் சாதாரண கிகாபிட் என்றால் அந்தக் கம்பியில் 125 எம்பிக்கு மேல் போக வழியே இல்லை. நடைமுறையில் 110 வந்தால் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். 2.5 கிகாபிட்டில் 270, 280 வரை வரும். 10 கிகாபிட்டில் ஆயிரத்தைத் தாண்டலாம், அதுவும் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்குகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால்.

ஒரு சோதனை செய்யுங்கள். 50 ஜிபி உள்ள ஒரு கல்யாண போல்டரை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு நகலெடுத்துப் போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். ஏழெட்டு நிமிடம் ஆனால் கிகாபிட் சரியாக ஓடுகிறது. ஒன்றே கால் மணி நேரம் ஆனால் எங்கோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. பெட்டியைக் குறை சொல்லுமுன் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்குக் கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், நூறுக்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்தோ, கிரிம்பிங் சரியில்லாமலோ நூறுக்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று விட்டுப்போனால் இணைப்பு அறுபடாது. சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புதுப் பெட்டி வாங்கத் தயாராக இருந்த இரண்டு அலுவலகங்களில் நான் மாற்றியது ஒரு கேபிளும் மூலையில் கிடந்த பழைய ஸ்விட்சும் மட்டும்தான்.

டேலியும் கணக்கு மென்பொருள்களும் வேறு ரகம். பெரிய கோப்பு ஒன்று ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் படிப்பும் எழுத்தும் நடக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்கில் சரியான இடம் தலைக்கு அடியில் வந்து சேர சராசரியாக 4 மில்லி விநாடி, தலை நகர இன்னும் எட்டோ ஒன்பதோ. ஆக விநாடிக்கு எண்பது சிறு வேலைக்கு மேல் ஒரு டிஸ்க்கால் முடியாது. 'பார்ட்டி லெட்ஜர் திறக்க ஒரு நிமிஷம் ஆகுது' என்பவருக்கு 10 கிகாபிட் ஸ்விட்ச் விற்றால் அது ஏமாற்று. அவருக்கு வேண்டியது எஸ்எஸ்டி. டேலி டேட்டா பெரும்பாலும் சில ஜிபிதான், அதற்கு இரண்டு சின்ன எஸ்எஸ்டியை ஒன்றுக்கொன்று பிரதியாகப் போட்டாலே போதும். ஒன்று மட்டும் கண்டிப்பு: வைஃபையில் இருந்துகொண்டு பெட்டியிலுள்ள டேலி டேட்டாவை நேரடியாகத் திறக்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் ஒரு நொடி விட்டாலும் டேட்டா கெட வாய்ப்புண்டு.

ஸ்டூடியோக்காரருக்கு நேர் எதிர். அவருடையது பெரிய கோப்புகள், ஒரே நேரத்தில் மூன்று எடிட்டர்கள். அவருக்கு 10 கிகாபிட் ஸ்விட்ச் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். சாதாரண டிஸ்க் போதும்.

ரெய்டு: கணக்குப் போட்டுப் பாருங்கள்

ரெய்டு என்ற பெயரை 1988ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் தங்கள் கட்டுரையில் வைத்தார்கள். விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவது அவர்கள் யோசனை. அப்போது டிஸ்க்குகள் மிகச் சிறியவை. இன்று ஒரே டிஸ்க்கில் 12, 16 டிபி. பழைய பழக்கத்தில் ரெய்டு 5 போடுவதில் உள்ள ஆபத்து அந்த அளவில்தான் இருக்கிறது.

12 டிபி டிஸ்க் ஒன்று போய்ப் புதியதைப் போட்டால், பெட்டி மற்ற டிஸ்க்குகளை முழுவதும் படித்துப் புதியதில் எழுத வேண்டும். விநாடிக்கு 180 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில் எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அந்த நாட்களில் இன்னொரு டிஸ்க் போனால் கதை முடிந்தது. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வாங்கிய நாலு டிஸ்க்கும் ஒரே வயசு, ஒரே சூட்டில் உழைத்தவை. ஒன்று போகும் பருவத்தில் மற்றதும் தளர்ந்திருக்கும். டிஸ்க்குகளை இரண்டு கடையில், இரண்டு மாத இடைவெளியில் வாங்கச் சொல்வது இதனால்தான்.

நாலு டிஸ்க் பெட்டிக்கு என் கருத்து இது. ஒவ்வொன்றும் 8 டிபி என்றால் ரெய்டு 5ல் 24 டிபி கிடைக்கும், ரெய்டு 6லும் 10லும் 16. ரெய்டு 6 எந்த இரண்டு போனாலும் தாங்கும். டிஸ்க்குகளை ஒன்றுக்கொன்று பிரதியான ஜோடிகளாக வைக்கும் ரெய்டு 10 இரண்டு போனால் தாங்கலாம், போன இரண்டும் ஒரே ஜோடியாக இல்லாதவரை. எழுதும் வேகம் வேறு. ரெய்டு 5ல் ஒரு சிறு எழுத்துக்கு உள்ளே நாலு வேலை நடக்கிறது: பழைய டேட்டாவைப் படி, பழைய சரிபார்ப்பைப் படி, புதிய இரண்டையும் எழுது. ரெய்டு 6ல் ஆறு வேலை. ரெய்டு 10ல் இரண்டே. டிஸ்க்குக்கு எண்பது என்று நாலு டிஸ்க்குக்கு 320 வைத்தால், விநாடிக்குச் சிறு எழுத்து ரெய்டு 6ல் சுமார் 53, ரெய்டு 5ல் 80, ரெய்டு 10ல் 160. கணக்கு வேலைக்கும் மருத்துவமனை பில்லிங்குக்கும் ரெய்டு 10. போட்டோவும் வீடியோவும் குவியும் இடத்துக்கு ரெய்டு 6. பெரிய டிஸ்க்கில் ரெய்டு 5 யாருக்கும் போட்டுக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

வாங்கும்போது டிஸ்க்கின் எழுத்து முறையையும் கேளுங்கள். எஸ்எம்ஆர் முறை டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டும், புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் எழுதும் ரீபில்டு நேரத்தில் தள்ளாடிவிடும். 2020ல் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையான சில டிஸ்க்குகள் இந்த முறை என்பது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சை ஆனது. பிறகுதான் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் முறை டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது. பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதி வாங்குங்கள். 'நாஸ் டிஸ்க்', அதாவது நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கான டிஸ்க், என்று மட்டும் எழுதினால் போதாது.

எந்தப் பெட்டி?

ரெடிமேட் பெட்டிகளில் இங்கே அதிகம் விற்பது சினாலஜியும் க்யூநாப்பும். பத்துப் பேர் வரையுள்ள அலுவலகத்துக்குத் தனியாக சிஸ்டம் ஆள் இல்லையென்றால் நான் இதைத்தான் சொல்வேன். திரை எளிது, கோப்புகளின் பழைய நிலைக்குத் திரும்ப ஸ்னாப்ஷாட் இருக்கிறது, பழுதான டிஸ்க் எது என்று விளக்கே காட்டும். குறையும் உண்டு. கம்பெனி எடுக்கும் முடிவுக்கு நாம் கட்டுப்பட வேண்டும். 2025ல் சினாலஜி அந்த ஆண்டுப் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் பட்டியலில் இல்லாத டிஸ்க்குகளைத் தடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் டிஎஸ்எம் 7.3 வந்தபோது தளர்த்தியது. தளர்த்தினார்கள் என்பது நல்லது. ஆனால் வாங்கும் அன்று அந்த மாடலின் டிஸ்க் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ட்ரூநாஸ் போட்டு நாமே கட்டும் பெட்டிக்கு ஒரு பெரிய பலம் இசட்எஃப்எஸ். எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்துப் படிக்கும்போது ஒப்பிடும். டிஸ்க் பொய் சொன்னால் கண்டுபிடித்து மற்ற பிரதியிலிருந்து திருத்தும். மதர்போர்டு எரிந்துபோனால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறெந்த கம்ப்யூட்டரிலும் செருகி, ட்ரூநாஸ் போட்டு எழுப்பிவிடலாம். அன்று மாலையே கடை திறக்கும். ஆனால் அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும்.

ரெய்டு கார்டு போட்ட பழைய விண்டோஸ் சர்வர்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. கார்டு போனால் அதே குடும்பத்துக் கார்டு கிடைத்தால்தான் டிஸ்க்குகள் எழும். அந்தக் கார்டு சந்தையை விட்டுப் போய்ப் பல ஆண்டு ஆகியிருக்கும். இப்போதே ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள், இல்லையென்றால் மாறிவிடுங்கள்.

பல சர்வர்களுக்குப் பொதுவான சேமிப்பு வலையான சான் வேறு உலகம். இரண்டு கன்ட்ரோலர், இரண்டு பவர் சப்ளை. ஒன்று நின்றால் அடுத்தது விநாடிகளில் எடுத்துக்கொள்ளும். இருபத்துநாலு மணி நேரமும் ஸ்கேன் படங்களைத் திறந்துகொண்டிருக்கும் பெரிய மருத்துவமனைக்கு இது அவசியம். பன்னிரண்டு பேர் அலுவலகத்துக்கு சான் விற்க வருபவரிடம் நான் மேலே சொன்ன இரண்டு எண்ணைக் காட்டுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு கேள்வி: மாற்றுப் பெட்டி எந்த ஊரில் இருக்கிறது? 'அடுத்த வேலை நாளில்' என்ற வாரன்டி திருச்சிக்கும் பொருந்துமா, சென்னைக்கு மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். இங்கிருந்து சென்னை 330 கிலோமீட்டர். 2022–23ல் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காகக் கார்களுக்கு மூடியிருந்த மாதங்களில், திருச்சி டவுனிலிருந்து ஸ்ரீரங்கம் வருவதே சுற்று வழி ஆகிவிட்டது.

சூடு, கரண்டு, இரும்புத் தூள்

பெரும்பாலான சிறு நாஸ் பெட்டிகளுக்குக் கம்பெனி சொல்லும் அறை வெப்ப எல்லை 40 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் திருச்சி மத்தியானம் அதைத் தொட்டுத் தாண்டும் ஊர். ஷீட் கூரைக்குக் கீழே, கதவு பூட்டிய ஞாயிற்றுக்கிழமை, ஏசி அணைத்த அறையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆபீஸ் மூடினாலும் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டிஸ்க் வெப்பம் 50ஐத் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும்படி வையுங்கள். பூஜை அலமாரி மாதிரி கண்ணாடிக் கதவு போட்டு மூடி வைப்பதை நிறையப் பார்க்கிறேன். தூசி படாது, காற்றும் போகாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலையில் நிறுத்தினால் மாலைதான் கரண்டு வரும். வீட்டு இன்வெர்ட்டரில் பெட்டியை மாட்டுவோர் அதிகம். இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போவதைப் பெட்டிக்குச் சொல்லாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டு விழும். யூஎஸ்பி கம்பியால் பெட்டியோடு பேசும் சின்ன யூபிஎஸ் ஒன்று நடுவில் இருந்தால், பேட்டரி இறங்கியதும் பெட்டி தானே கோப்புகளை மூடி அணைந்துகொள்ளும். அந்த யூஎஸ்பி கம்பியைச் செருகாமலே விட்டுப்போன இடங்கள் பல. இன்றே பின்பக்கம் கை விட்டுப் பாருங்கள்.

துவாக்குடியில் பெல் நிறுவனத்துக்குப் பாய்லர் உதிரி செய்யும் பட்டறைகளில் கிரைண்டிங் தூளைப் பெட்டியின் ஃபேன் உள்ளே இழுக்கும். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். பிரஸ் அடிக்கும் அதிர்வும் கணக்கில் வர வேண்டும். 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தினார். அந்தக் கணமே டிஸ்க்குகளின் தாமதம் ஏறுவதைத் திரையில் காட்டினார். மனிதக் குரலுக்கே அப்படியென்றால் பவர் பிரஸ்ஸுக்கு? பெட்டியை ஷெட்டில் வைக்காதீர்கள். டிராயிங் ஆபீஸில், சுவரில் ஒட்டாத ரேக்கில், அடியில் ரப்பர் வைத்து வையுங்கள்.

பிரதி எங்கே இருக்கிறது?

ரெய்டு டிஸ்க்கின் சாவைத் தாங்கும். தவறி அழித்ததையும், தீயையும், திருட்டையும், வைரஸையும் தாங்காது. 2021 ஜூனில் டபிள்யூடி மை புக் லைவ் பெட்டிகள் உலகெங்கும் இணையத்தின் வழியே ஒரே நாளில் துடைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. மாட்டியவை பெரும்பாலும் இணையத்துக்கு நேரே திறந்து வைத்த பெட்டிகள். 'வீட்டிலிருந்து பார்க்க வேண்டும்' என்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள், விபிஎன் போடுங்கள். அட்மின் கணக்குக்கு இரண்டடுக்குக் கடவுச்சொல் போடுங்கள். மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதைச் சாதாரணப் பயனர் யாரும் அழிக்க முடியாதபடி வையுங்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வெளியூர்ப் பிரதியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1323ல் டில்லிப் படை வந்தபோது மூலவரின் முன் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரைப் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் ஊரைவிட்டு எடுத்துச் சென்றார்கள். நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து 1371ல் அவர் திரும்பி வந்தார். அதற்குள் இங்கே வேறொரு உற்சவர் எழுந்தருளியிருந்தார். பழையவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, கண் தெரியாத ஒரு வண்ணார் முதியவர், திருமேனியில் சாத்திய ஈரவாடையின் தீர்த்தத்தைக் கொண்டு அறிந்து "இவரே நம் பெருமாள்" என்றார் என்கிறது கோயில் மரபு. அவர் சொன்னதே திருநாமமாக நின்றது. பெருமாளை நான் எதோடும் ஒப்பிடவில்லை. ஒன்றை உள்ளே மறைத்து, ஒன்றை வெளியூரில் காத்து, திரும்பியபோது அது அதுதானா என்று சோதித்தும் பார்த்த முன்னோரின் கவனத்தைச் சொல்கிறேன்.

இரண்டாவது பிரதிக்கு இடம் தேடும்போது ஆற்றை மறக்காதீர்கள். 1977 நவம்பரிலும் 2005லும் திருச்சிக்குள் வெள்ளம் வந்தது. 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் ஒன்பதை நீர் அடித்துச் சென்றது. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்களும் சரிந்தன. கடை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவில் இருக்கிறதென்றால் இரண்டாவது பெட்டியை அதே தீவில் வைப்பதில் பயனில்லை. கே.கே. நகரிலோ திருவெறும்பூரிலோ சொந்தக்காரர் வீட்டு மாடியில் வையுங்கள். எந்த இடத்திலும் தரைத்தளம் வேண்டாம்.

முதல் பிரதியை இணையம் வழி அனுப்ப முயலாதீர்கள். 100 எம்பிபிஎஸ் மேலேற்றம் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு டிபிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், 11 டிபிக்குப் பத்து நாளுக்கு மேல். இரண்டாவது பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்து உள் கேபிளில் நிரப்பி, பிறகு தூக்கிக்கொண்டு போய் வையுங்கள். அதற்குப் பின் அன்றன்று மாறியது மட்டும் இரவில் போகும்.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குச் சட்டமும் உண்டு. மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி இருக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிந்தைய விதி. கணக்குகளை எட்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எட்டு ஆண்டு தாங்கும் என்று எந்தப் பெட்டியையும் நம்ப முடியாது, எனவே நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

உத்தர வீதி ஸ்டூடியோவில் இன்று ரெய்டு 6 பெட்டி ஒன்று, ஆற்றுக்கு அப்பால் இன்னொன்று. ஒவ்வொரு டிஸ்க்கின் தட்டிலும் அதன் சீரியல் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். கழற்றுமுன் திரையில் உள்ள எண்ணை ஒருவர் படிக்க, இன்னொருவர் ஒட்டியிருப்பதை உரக்கச் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, தம்பி ஒரு கல்யாண போல்டரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, அக்கரைப் பெட்டியிலிருந்து காலி டிஸ்க் ஒன்றில் எடுத்து வந்து, பத்துப் படத்தைத் திறந்து, ஒரு வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார்க்கிறார். நேரத்தைக் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறார். போன ஆவணியில் எழுதியது: '240 ஜிபி, 41 நிமிடம், ஒரு வீடியோ திறக்கவில்லை.' தேடியதில், பேக்கப் ஓடிய இரவு பத்து மணிக்கு எடிட்டர் அதே கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பேக்கப் நேரத்தை விடியற்காலை இரண்டு மணிக்கு மாற்றினோம்.